கடைசி ஆண்டில் மருத்துவர் அருகில்: புதுக்கோட்டை மாவட்டத்தில் உடனிருந்து பார்க்கும் வாய்ப்புகள்

மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போது ஒரு மாணவர் ஓரமாக அமர்ந்து கவனிப்பதே உடனிருந்து பார்த்தல். மருத்துவமனைகளில் இதை அப்சர்வர்ஷிப் என்பார்கள். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் ஷேடோயிங் என்பார்கள். கண்ணும் காதும் மட்டுமே இதற்குத் தேவை. நோயாளியைத் தொடுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, ‘உங்களுக்கு இது சர்க்கரையாக இருக்கும்’ என்று கருத்துச் சொல்வது எதுவும் இதில் சேராது.

அமெரிக்காவில் பெரும்பாலும் நான்காண்டுப் பட்டம் முடித்த பிறகே மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள். அதற்கான விண்ணப்பத்தில் மருத்துவருடன் இருந்து பார்த்த அனுபவத்துக்கென்று தனி வகையே உண்டு. இந்தியாவில் அப்படி இல்லை. பிளஸ் டூ, நீட், கவுன்சலிங் என்று வழி நேராகப் போகிறது. 720க்கு எத்தனை என்பதே கேள்வி. எத்தனை நாள் மருத்துவர் பக்கத்தில் நின்றாய் என்று தேர்வுக் குழுவில் யாரும் கேட்பதில்லை. இங்குள்ள மாணவர்கள் இதை முதலிலேயே தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. நீட் எழுதுகிறவருக்கு இந்த அனுபவம் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டித் தராது.

யாருக்கு இது வேண்டும்

பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் கடைசி ஆண்டில் இருந்துகொண்டு, மருத்துவக் கனவை இன்னும் விடாதவர்கள் முதல் வகை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேறியவர் பட்டத்துக்குப் பிறகும் நீட் எழுதலாம். உச்ச வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 21 வயதில் சேர்ந்தால் நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடிய 26, 27 ஆகிவிடும். மேற்படிப்புக்கு இன்னும் மூன்று ஆண்டு. வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் கல்யாணம், கடன், அப்பாவின் ஓய்வு என்று வரிசையாகக் காத்திருக்கும் காலம் அது. ஒரு மருத்துவரின் சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று பார்க்காமலே இந்த முடிவை எடுப்பவர்கள்தான் அதிகம். இவர்களுக்கு உடனிருந்து பார்ப்பது விண்ணப்பத்துக்கான சான்று அல்ல. போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கான வழி. வேண்டாம் என்று முடிவு வந்தாலும் அது லாபமே.

பட்டதாரிகளைச் சேர்க்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளைக் குறிவைப்பவர்கள் இரண்டாம் வகை. சிங்கப்பூரில் டியூக்-என்.யூ.எஸ். மருத்துவப் பள்ளி பட்டதாரிகளுக்காகவே நடக்கிறது. அங்கே படிப்பு நான்காண்டு. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவிலும் பட்டதாரிகளுக்கான சேர்க்கை உண்டு. புதுக்கோட்டைச் சீமையில் சிங்கப்பூரில் உறவினர் இல்லாத தெருவே அபூர்வம் என்பதால், இந்த வழி நினைப்பதைவிட அருகில் இருக்கிறது. செலவுதான் தூரம். அமெரிக்காவை நேரடியாகக் குறிவைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்குள்ள பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதில்லை, எடுப்பவற்றிலும் பல, அமெரிக்கக் கல்லூரியில் படித்த பாடங்களைக் கேட்கின்றன.

வெளிநாட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டு, விடுமுறைக்குப் பொன்னமராவதிக்கோ அறந்தாங்கிக்கோ தாத்தா வீட்டுக்கு வரும் பிள்ளைகள் மூன்றாம் வகை. ஊரில் பார்த்த மணி நேரம் அவர்களின் விண்ணப்பத்தில் செல்லும். ஆனால் அந்த நாட்டு மருத்துவமுறையையும் பார்த்திருக்கிறாரா என்று அங்குள்ளவர்கள் கேட்பார்கள். ஆகவே ஊரில் பார்த்ததை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

பட்டக் கல்லூரி வழியாக மருத்துவம் போவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912இல் மருத்துவராக வெளியே வந்தார்.

காலம் தாழ்ந்தவருக்கு எத்தனை மணி நேரம்

கல்லூரியின் கடைசி ஆண்டில்தான் இந்த எண்ணம் வந்தது என்றால் பதற்றப்படத் தேவையில்லை. அமெரிக்க விண்ணப்பங்களுக்குக்கூட நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச மணிக்கணக்கு என்று ஒன்று கிடையாது. 40, 50 மணி நேரம் இருந்தால் போதும் என்பது ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வது. தினமும் மூன்று மணி நேரம் போனால் மூன்று வாரத்தில் முடிகிற காரியம். பத்து மருத்துவர்களிடம் ஆளுக்கு அரை நாள் உட்காருவதைவிட, ஒரே பொது மருத்துவரிடம் மூன்று வாரம் தொடர்ந்து இருப்பது மேல். முதல் வாரம் காய்ச்சலோடு வந்தவர் அடுத்த வாரம் என்ன ஆனார், மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினார், மருத்துவர் அதற்குக் கோபப்பட்டாரா பொறுத்துக்கொண்டாரா என்பதெல்லாம் தொடர்ந்து இருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

நாட்களைத் தேர்ந்தெடுப்பதில் பரீட்சைக் காலத்தைப் பார்க்க வேண்டும். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர். நீட் வழக்கமாக மே முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வருகிறது. நீட் எழுதுகிறவர் பிப்ரவரிக்குப் பிறகு மருத்துவமனைப் பக்கம் போகாமல் படிப்பதே புத்திசாலித்தனம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். அதைத் தவறவிட்டால் நவம்பர் பரீட்சை முடிந்த கையோடு டிசம்பர். மழைக்காலக் காய்ச்சல் கூட்டம் அப்போது குறையாது என்பதால் பார்ப்பதற்கும் நிறைய இருக்கும். அமெரிக்க விண்ணப்பம் மே, ஜூன் மாதங்களில் தொடங்குகிறது. பிரிட்டனில் மருத்துவப் படிப்புக்கான கடைசி நாள் அக்டோபர் 15. அதற்குள் முடிக்கும்படி பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

எங்கே கேட்பது

எளிதான இடம் தனியார் கிளினிக். குடும்பத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்துவரும் மருத்துவர் ஒருவர் பெரும்பாலும் எல்லா வீட்டுக்கும் இருப்பார். அவரிடமிருந்து தொடங்குவதே முறை. அனுமதி தருவது அவர் ஒருவர் மட்டுமே என்பதால் கோப்பு எதுவும் நகர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரம் போக வெளியே கிளினிக் வைத்திருப்பதும் வழக்கம். ஆகவே காலையில் அரசு மருத்துவமனையில் அணுக முடியாதவரை மாலையில் அவருடைய கிளினிக்கில் பார்த்துப் பேசலாம். போகும் நேரம் முக்கியம். டோக்கன் கூட்டம் நிற்கும்போதும், மெடிக்கல் ரெப்புகள் பையோடு காத்திருக்கும்போதும் போய் நின்றால் பதில் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றுதான் வரும். கடைசி நோயாளி போன பிறகு ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். எந்த நேரத்தில் டாக்டர் நல்ல மனநிலையில் இருப்பார் என்று கம்பவுண்டருக்கோ சிஸ்டருக்கோ தெரியும். அவர்களிடம் முதலில் பணிவாகப் பேசிவிட்டுப் போகிறவருக்கு வேலை பாதி முடிந்தது.

மாலைக் கிளினிக்குகள் இரவு ஒன்பது, பத்து மணி வரை நீளும். கறம்பக்குடி, மணமேல்குடி, விராலிமலைப் பக்கம் உள்ளவர்கள் கடைசிப் பேருந்தைக் கேட்டுக்கொண்டே நேரத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவிகள் பகலில் நடக்கும் ஓ.பி.யையோ பெண் மருத்துவரையோ தேர்ந்தெடுத்தால் வீட்டிலும் பேச்சு இருக்காது.

அரசு மருத்துவமனைகளில் கேட்க வேண்டியவர் யார் என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். மூன்று வெவ்வேறு இயக்ககங்கள் இருப்பதுதான் காரணம். முள்ளூரில் 2017இல் தொடங்கிய அரசு புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருபவை. அங்கே அனுமதி தர வேண்டியவர் கல்லூரி முதல்வர், அதாவது டீன். மனு மருத்துவக் கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர் வழியாகத் துறைத் தலைவருக்குப் போகும். தாலுகா மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தவை. மாவட்டத்தில் அவற்றுக்குப் பொறுப்பு நலப்பணிகள் இணை இயக்குநர். ‘ஜே.டி. ஆபீஸ்’ என்று கேட்டால் வழி சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழ் இருக்கின்றன. அதற்கு மாவட்ட சுகாதார அலுவலரும் அவருக்குக் கீழே வட்டார மருத்துவ அலுவலரும் உண்டு. இந்தத் துறைக்குப் புதுக்கோட்டை ஒரு சுகாதார மாவட்டம், அறந்தாங்கி இன்னொன்று. ஆவுடையார்கோவில் பக்கத்து மாணவர் புதுக்கோட்டை அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நாள்தான் போகும்.

இவற்றுள் எது நல்லது? மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் எல்லாருக்கும் ஆசை வரும். ஆனால் அங்கே எம்.பி.பி.எஸ். மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் ஏற்கெனவே கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவர் ஆறாவது வரிசையில் நின்று முதுகுகளையே பார்க்க நேரும். அனுமதி கிடைக்கவும் நாளாகும். காலம் தாழ்ந்து தொடங்குபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையமே சிறந்த இடம். மருத்துவர் ஓரிருவர், கூட்டம் கண்ணுக்கு எட்டும் அளவு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருவார்கள். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். அவர்களோடு ஒரு நாள் நடந்தால், சீட்டு எழுதுவதோடு வைத்தியம் முடிந்துவிடுவதில்லை என்பது தெரியும். விவசாயப் பகுதி என்பதால் பாம்புக்கடியும் பூச்சிமருந்து கேஸும் வரும். பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்திருக்கிறது. முதலுதவி முடித்து எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், 108 வர எவ்வளவு நேரமாகிறது என்பதை ஒரு முறை பார்த்தவருக்கு மருத்துவர் வேலையின் கனம் புரிந்துவிடும்.

அனுமதிக் கடிதம் இல்லாமலே நுழையக்கூடிய வாசல்களும் உண்டு. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டமும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும் இரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம்களுக்குத் தொண்டர்களை அனுப்புகின்றன. வரிசையை ஒழுங்குபடுத்துவது, பெயர் எழுதுவது என்று அங்கே கையில் வேலையும் இருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்துக்கே உரிய வாய்ப்பு ஜல்லிக்கட்டு. கந்தர்வகோட்டைக்கு அருகே தச்சங்குறிச்சியில் பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில் ஆரம்பித்து, மாதக்கணக்கில் ஊர் ஊராக நடக்கும். ஒவ்வொரு வாடிவாசலிலும் மருத்துவக் குழு இருந்தே ஆக வேண்டும். ஏற்கெனவே அறிமுகமான மருத்துவர் அந்தக் குழுவில் இருந்து, அவரே கூப்பிட்டால் மட்டும் போகலாம். காயம்பட்ட வீரரைச் சுற்றி வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் இன்னொருவராக நிற்பதில் பயன் இல்லை.

திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம்தான். இதயம், புற்றுநோய் என்று சிறப்புத் துறை பார்க்க விரும்புவோர் அங்கே போகலாம். ஆனால் அது இரண்டாவது கட்டம்.

எப்படிக் கேட்பது

தனி மருத்துவரிடம் வாய்ச்சொல் போதும். ‘டாக்டர், பி.எஸ்சி. மூணாம் வருஷம் படிக்கிறேன். டாக்டருக்குப் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். ரெண்டு வாரம் காலையில் ஓரமா உட்கார்ந்து பார்க்க அனுமதிப்பீங்களா? எதையும் தொட மாட்டேன். நீங்க போகச் சொன்னா போயிடுறேன்’ என்கிற அளவில் நான்கு வாக்கியம். எத்தனை நாள், எந்த நேரம் என்று தெளிவாகக் கேட்பவருக்கு ‘சரி’ சொல்வது எளிது. மாமா பெயரையும் கட்சிக்காரர் பெயரையும் இழுக்காமல் இருப்பது நல்லது. சிபாரிசில் வந்தவரை மருத்துவர் உட்கார வைப்பார்; கற்றுக்கொடுக்க மாட்டார்.

அரசு மருத்துவமனைக்கு எழுத்து மனு வேண்டும். கல்லூரி முதல்வரின் பரிந்துரையோடு, கீழ்க்கண்டபடி ஒரு பக்கத்துக்குள் இருக்கலாம்:

அனுப்புநர்: (பெயர், வகுப்பு, கல்லூரி, முகவரி, கைபேசி எண்)
வழி: கல்லூரி முதல்வர்
பெறுநர்: முதல்வர், அரசு புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மற்றும் மருத்துவமனை
பொருள்: பொது மருத்துவ வெளிநோயாளர் பிரிவில் பார்வையாளராக இருக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், நான் மேற்கண்ட கல்லூரியில் இளநிலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு பயின்று வருகிறேன். மருத்துவப் படிப்பில் சேர விரும்புவதால், ........ முதல் ........ வரை காலை நேரத்தில் வெளிநோயாளர் பிரிவில் பார்வையாளராக மட்டும் இருக்க அனுமதி அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நோயாளிகளின் விவரங்களை வெளியிட மாட்டேன் என்றும், சிகிச்சையில் எவ்வகையிலும் தலையிட மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

அடையாள அட்டை நகலை இணைத்து, மனுவின் இரண்டாம் பிரதியில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து நேரில் போய்க் கேட்பதில் தவறில்லை; தினமும் போய் நிற்பது தவறு. மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டியதுதான். அனுமதிப்பதற்கான கடமை அவர்களுக்கு இல்லை.

பணம் வாங்கிக்கொண்டு ‘அப்சர்வர்ஷிப் சர்டிபிகேட்’ தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் போகக் கூடாது. உட்காராத நாற்காலிக்கு வாங்கிய காகிதம், நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே கிழிந்துவிடும்.

உள்ளே இருக்கும்போது

ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போட்டுக்கொண்டு போவது நல்லது. முழுத் தவணை 0, 1, 6 மாதங்கள் என்பதால், காலம் தாழ்ந்தவர் முதல் ஊசியையாவது உடனே போட்டுக்கொள்ள வேண்டும். முகக்கவசம் கட்டாயம். காய்ச்சல், இருமல் இருக்கும் நாளில் போகக் கூடாது. உடை சாதாரணமாக, சுத்தமாக இருந்தால் போதும். வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் வேண்டவே வேண்டாம். அவற்றைப் பார்த்ததும் வரிசையில் நிற்கும் பாட்டி ‘டாக்டரய்யா’ என்று கையை நீட்டிவிடுவார்.

நோயாளியின் சம்மதம் முதலில் வர வேண்டும். ‘இது படிக்கிற பிள்ளை, பக்கத்துல இருக்கட்டுமாம்மா?’ என்று மருத்துவர் கேட்க, அவர் தயங்கினாலே எழுந்து வெளியே போய்விட வேண்டும். உடல் பரிசோதனை, மகப்பேறு, மனநலம், பாலியல் குற்றம் தொடர்பான கேஸ், எச்.ஐ.வி. ஆலோசனை ஆகியவற்றின்போது யாரும் சொல்லாமலே விலகுவது முறை. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அறைக்குள் போகவே கூடாது. கருவில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று வெளியிடுவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தேவையில்லாத ஆள் அங்கே இருப்பது மருத்துவருக்கே சிக்கல். கைபேசி பையில் இருக்கட்டும். வார்டுப் பின்னணியில் எடுத்த ஒரு ஸ்டேட்டஸ் படத்தில் யாரோ ஒருவரின் அம்மா படுத்திருப்பார்.

இரத்தம் பார்த்து மயக்கம் வருவது சகஜம். காலையில் சாப்பிட்டுப் போக வேண்டும். தலை சுற்றினால் உடனே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு முறை மயங்கியதால் மருத்துவம் தனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டத் தேவையில்லை.

கேள்விகளை நோயாளி போன பிறகே கேட்க வேண்டும். அன்றன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கம் எழுதி வைக்கலாம்: தேதி, நேரம், இடம், பார்த்தது, புரியாதது. பெயர், ஊர், தெரு எதுவும் வேண்டாம். ‘50 வயதுக்கு மேற்பட்ட விவசாயி, ஆறாத கால் புண்’ என்றால் போதும். மருந்துப் பெயர்களை நிரப்புவதைவிட, மருத்துவர் கெட்ட செய்தியை எப்படிச் சொன்னார், காசில்லாதவரிடம் டெஸ்ட் எழுதும்போது என்ன யோசித்தார் என்பதை எழுதினால் பின்னால் உதவும். அமெரிக்க விண்ணப்பத்தில் ஒவ்வோர் அனுபவத்துக்கும் கிடைப்பது 700 எழுத்து இடம்தான். அதில் எழுதத் தகுந்த ஒன்று இந்தக் குறிப்பேட்டிலிருந்தே வர வேண்டும்.

ஊரில் வேறொரு சிக்கல் வரும். நான்கு வாரம் டாக்டருடன் இருந்தவர் என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டில் ஊசி போடக் கூப்பிடுவார்கள், மாத்திரை கேட்பார்கள். உறவு முறையில் மறுப்பது கடினம்தான், ஆனால் மறுத்தே ஆக வேண்டும். பதிவு பெறாதவர் வைத்தியம் பார்த்தால், 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மருத்துவராகும் ஆசையைத் தொடக்கத்திலேயே முறித்துக்கொள்ள இதைவிட விரைவான வழி இல்லை.

முடிக்கும்போது வாங்க வேண்டிய கடிதம்

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர் மருத்துவரின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் வாங்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவு, பார்வையாளராக மட்டும் இருந்தார் என்ற வரி, மருத்துவரின் பதிவு எண், கையொப்பம், முத்திரை ஆகியவை அதில் இருந்தால் போதும். புகழ்ச்சி தேவையில்லை. மணி நேரத்தைக் கூட்டி எழுதச் சொல்லக் கூடாது. மருத்துவரே கூட்டி எழுதினாலும் திருத்தச் சொல்ல வேண்டும், சரிபார்க்கிறவர்கள் அவரையே கூப்பிட்டுக் கேட்கலாம். அரசு மருத்துவர்களுக்கு எப்போது இடமாற்றம் வரும் என்று சொல்ல முடியாது. இன்று கீரனூரில் இருப்பவர் ஆறு மாதம் கழித்து வேறு மாவட்டத்தில் இருக்கலாம். ஆகவே கடிதத்தைக் கடைசி நாளன்றே கையில் வாங்கிவிட வேண்டும்.